விதவைகளுக்காகக் கணக்குப் பார்த்த இரண்டு போதகர்கள்



இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில், பெயர் சொல்லப்படாத ஒரு பெண் எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து முறையிடுகிறாள். அவளுடைய கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். தேவனுக்குப் பயந்து நடந்தவன். ஆயினும் அவன் மரித்தபோது வீட்டில் மிஞ்சியது கடன் மட்டுமே. கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போக வந்து நிற்கிறான். பக்தியுள்ள ஒருவரின் குடும்பத்துக்கும் இந்த நிலை வரக்கூடும் என்பதை வேதம் மறைக்கவில்லை.

அந்த வேளையில் எலிசா செய்ததைக் கவனியுங்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்றே அவர் அவளிடம் விசாரித்தார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அற்புதம் அதற்குப் பிறகுதான் நடந்தது. எண்ணெய் பெருகிய பின்பும் கடன் தானாக மறைந்துபோகவில்லை. எண்ணெயை விற்க வேண்டும், முதலில் கடனைத் தீர்க்க வேண்டும், எஞ்சியதைக் கொண்டு தாயும் பிள்ளைகளும் வாழ வேண்டும் என்று அவர் வழி சொல்லி அனுப்பினார். அற்புதம் நடந்த வீட்டிலும் கணக்கு வேண்டியிருந்தது.

என் ஊழியத்தில் பல அடக்க ஆராதனைகளை நடத்தியிருக்கிறேன். கூட்டம் கலைந்து, உறவினர் ஊர் திரும்பிய பின், ஜெபிப்பதற்காக அந்த வீட்டுக்குச் செல்வது வழக்கம். அப்போது கணவனை இழந்த சகோதரி அலமாரியைத் திறந்து, ஒரு துணிப்பையில் கிடக்கும் காகிதங்களையெல்லாம் எடுத்து என் முன்னே வைப்பதுண்டு. “ஐயா, அவர் எங்கே என்ன போட்டு வைத்திருக்கிறார், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது” என்ற வார்த்தையை ஒன்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் கணவர்களில் பலர் நல்லவர்கள், குடும்பத்தை நேசித்தவர்கள். பண விஷயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “எல்லாவற்றையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொன்னவர்கள்.

அந்த வார்த்தை விசுவாசத்திலிருந்து வருகிறதா, அல்லது கணக்குப் பார்க்க நமக்குள்ள தயக்கத்திலிருந்து வருகிறதா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, திருச்சபை வரலாற்றின் ஒரு பக்கத்தை இவ்வாரம் உங்களோடு வாசிக்க விரும்புகிறேன். அதன் நாயகர்கள் இரண்டு போதகர்கள்.

அரை ஆண்டுச் சம்பளம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து திருச்சபையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட போதகர்கள் இருந்தார்கள். போதகர் குடியிருக்கச் சபையின் இல்லமும், ஆண்டுதோறும் சம்பளமும் உண்டு. அவர் உயிரோடிருக்கும்வரை குடும்பம் ஊரில் மதிப்போடு வாழ்ந்தது. அவர் மரித்தாலோ, அந்த வாழ்வு முடிந்துபோனது. இல்லம் அடுத்து வரும் போதகருக்கு உரியது. ஆகவே மனைவியும் பிள்ளைகளும் அதை விட்டு வெளியேற வேண்டும். 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மரித்த போதகரின் குடும்பத்துக்கு அரை ஆண்டுச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கு ‘ஆன்’ என்று பெயர். அது தீர்ந்த பின், உறவினரின் தயவும் சபையாரின் இரக்கமும்தான் துணை.

1698ஆம் ஆண்டில் கில்மோடன் என்ற ஊரின் போதகர் ஜான் மெக்லாரின் மரித்தார். அப்போது அவருடைய கடைசி மகன் காலின் பிறந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. ஒன்பது வயதில் அந்தச் சிறுவன் தாயையும் இழந்தான். தந்தையின் சகோதரர் டேனியல் என்பவரும் ஒரு போதகர். அவர்தான் அவனை வளர்த்தார். போதகர் வீட்டில் பிறந்த இந்த அனாதைச் சிறுவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே வரலாற்றில் அவனை மீண்டும் சந்திப்போம்.

நூறு பவுண்டுக்கு முப்பது

இந்தத் துயரத்தைக் கண்டு மனம் இளகியவர்கள் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் மிடில்டன் என்ற ஊரின் குருவாயிருந்த வில்லியம் ஆஷ்டன் ஒரு திட்டத்தை வகுத்தார். ஒருவர் 100 பவுண்டு செலுத்திவிட்டால், அவர் மரித்த பின் அவருடைய மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 30 பவுண்டு கிடைக்கும். பல இடங்களில் முயன்ற பின், லண்டனின் பழம்பெரும் வணிகர் சங்கமான மெர்சர்ஸ் கம்பெனி இதை ஏற்று 1699ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆஷ்டனின் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால் நூறுக்கு முப்பது என்ற விகிதம் எங்கிருந்து வந்தது? பணம் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் எந்த வயதில் மரிப்பார்கள், அவர்களுடைய மனைவியர் அதன்பின் எத்தனை ஆண்டுகள் வாழ்வார்கள் என்பதை முறையாகக் கணக்கிட்டு அது வகுக்கப்படவில்லை. தொடக்க ஆண்டுகளில் பணம் வந்துகொண்டிருந்தது; விதவைகளோ சிலரே. எனவே திட்டம் செழிப்பாகவே தெரிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல விதவைகளின் எண்ணிக்கை பெருகியது. வாக்களித்த தொகை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1745இல் கொடுப்பனவே நின்றுபோயிற்று. இறுதியில் 1748இல் பாராளுமன்றம் தலையிட்டு உதவ வேண்டியதாயிற்று.

ஆஷ்டன் மோசடிக்காரர் அல்ல. விதவைகளுக்கு இரங்கிய ஒரு ஊழியர். அவரை நம்பியவர்களும் பேராசைக்காரர் அல்லர். மனைவிமேல் அக்கறை கொண்ட கணவன்மார். ஆயினும் எந்தப் பெண்களுக்காக அந்தத் திட்டம் ஏற்பட்டதோ, அவர்களே முதுமையில் ஏமாற்றத்தைச் சந்தித்தார்கள். கணக்கில்லாத இரக்கமும் தீங்கு செய்யக்கூடும்.

ஒரு போதகரின் மரணப் பதிவேடு

கணக்கிடுவதற்கான வழியைத் திறந்துவைத்தவரும் ஒரு போதகர்தான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இன்று போலந்து நாட்டில் உள்ள பிரெஸ்லாவ் நகரில் காஸ்பர் நாய்மன் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். அக்காலத்தில் மக்களிடையே ஒரு பயம் பரவியிருந்தது. ஏழின் மடங்காகவும் ஒன்பதின் மடங்காகவும் வரும் வயதுகளில், சிறப்பாக 49, 63 ஆகிய வயதுகளில், மரணம் நெருங்கி வரும் என்று நம்பினார்கள். நம் ஊரில் ‘இந்த வயதில் ஒரு கண்டம் இருக்கிறது’ என்பார்களே, அதைப் போன்றது.

நாய்மன் அந்தப் பயத்தைக் கண்டித்துப் பிரசங்கித்ததோடு நின்றுவிடவில்லை. பதிவேடுகளைத் திறந்தார். நகரில் பிறந்தவர்களையும் மரித்தவர்களையும் வயது வாரியாக எண்ணினார். அந்தக் குறிப்பிட்ட வயதுகளில் மரணம் கூடுதலாக நிகழவில்லை என்பது தெளிவாயிற்று. அவர் தொகுத்த விவரங்கள் லண்டனின் ராயல் சொசைட்டியை அடைந்தன. வால்நட்சத்திரத்தால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி அவற்றைக் கொண்டு 1693ஆம் ஆண்டில் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார்.

அந்த அட்டவணை சொல்வது எளிய செய்தி. ஒரு வயதில் 1,000 குழந்தைகள் இருந்தால், 20 வயதில் 598 பேர் எஞ்சியிருப்பார்கள். 40 வயதில் 445 பேர். 60 வயதில் 242 பேர். 80 வயதில் 41 பேர் மட்டுமே. இன்னார் எப்போது மரிப்பார் என்பதை அது சொல்லாது. அது தேவன் ஒருவருக்கே தெரிந்தது. ஆனால் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது, மரணத்துக்கும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டியது. தனி மனிதனுக்கு மறைவாயிருப்பது கூட்டத்தில் கணக்குக்கு உட்படுகிறது. இந்த ஓர் உண்மையின்மேல்தான் இன்றைய ஆயுள் காப்பீடு நிற்கிறது.

இருவேறு இயல்புள்ள இருவர்

இப்போது ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் திரும்புவோம். அங்கே ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள் ஊழியம் செய்தார்கள். வாலஸ் கணிதத்தில் தேர்ந்தவர், இளம் வயதில் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியருக்கு உதவியாகப் பணி செய்தவர், நிதானமான போக்குடையவர். வெப்ஸ்டர் டோல்பூத் சபையின் போதகர். அனல் பறக்கும் பிரசங்கியார். 1742ஆம் ஆண்டில் கேம்பஸ்லாங் என்ற ஊரில் பெரும் எழுப்புதல் உண்டானபோது, அது ஆவியானவரின் கிரியையே என்று துணிந்து எழுதி வாதாடியவர் அவர். திராட்சமது விருந்துகளிலும் அவர் பெயர்பெற்றவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குறையில்லாத மனிதரைத் தேடிக்கொண்டிருந்தால் எந்த நற்காரியமும் நடந்திருக்காது.

அக்காலத் திருச்சபையில் இவ்விருவரும் வெவ்வேறு சாராரைச் சேர்ந்தவர்கள். ஆயினும் விதவைகளின் காரியத்தில் ஒன்றுபட்டார்கள். எழுப்புதலுக்காக எழுதிய அதே வெப்ஸ்டர், ‘பிரஸ்பிட்டரி’ எனப்படும் வட்டாரச் சபை மன்றங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். உங்கள் வட்டாரத்தில் எத்தனை போதகர்கள் இருந்தார்கள், எத்தனை பேர் மரித்தார்கள், அவர்களில் மனைவியை விட்டுச் சென்றவர் எத்தனை பேர், பிள்ளைகளை மட்டும் விட்டுச் சென்றவர் எத்தனை பேர் என்று விசாரித்தார்.

பதில்கள் வந்து சேர்ந்தன. எந்த ஆண்டிலும் சராசரியாக 930 போதகர்கள் உயிரோடிருக்கிறார்கள். ஆண்டுக்கு 27 பேர் மரிக்கிறார்கள். அவர்களில் 18 பேர் மனைவியை விட்டுச் செல்கிறார்கள். 5 பேர் மனைவி இல்லாமல் பிள்ளைகளை மட்டும் விட்டுச் செல்கிறார்கள். எஞ்சிய 4 பேருக்கு மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இந்த எண்களோடு ஹாலியின் அட்டவணையைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

செழிப்பான ஆண்டுகளின் கண்ணி

போதகர்கள் தங்கள் வசதிக்கேற்பத் தேர்ந்துகொள்ள நான்கு நிலைகள் வகுக்கப்பட்டன. ஆண்டுக்கு 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ் செலுத்துகிறவரின் விதவைக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. 3 பவுண்டு 18 ஷில்லிங் 9 பென்ஸ் செலுத்தினால் 15 பவுண்டு. 5 பவுண்டு 5 ஷில்லிங் செலுத்தினால் 20 பவுண்டு. 6 பவுண்டு 11 ஷில்லிங் 3 பென்ஸ் செலுத்தினால் 25 பவுண்டு. தாயும் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு மொத்தத் தொகை. எல்லாப் போதகரும் இதில் சேர்ந்தே ஆக வேண்டும்.

இதில் உள்ள நுட்பத்தைப் புரிந்துகொள்ள நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 930 பேரும் மூன்றாம் நிலையைத் தேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 4,882 பவுண்டு 10 ஷில்லிங். முதல் ஆண்டில் 18 விதவைகள். தலைக்கு 20 பவுண்டு வீதம் செலவு 360 பவுண்டு. அடுத்த ஆண்டில் 36 விதவைகள். செலவு 720 பவுண்டு. கையில் ஆயிரக்கணக்கான பவுண்டு மிஞ்சுகிறது. அந்நேரத்தில் யாருக்கும் தோன்றக்கூடிய எண்ணம், இவ்வளவு பணம் இருக்கிறதே, விதவைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமே, அல்லது போதகர்கள் கட்டுவதைக் குறைக்கலாமே என்பதுதான்.

ஆனால் ஆண்டுதோறும் புதிதாக 18 பேர் சேர்ந்துகொண்டேயிருப்பார்கள். முன்பு சேர்ந்தவர்களில் பலர் இன்னும் உயிரோடிருப்பார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு விதவைகள் 300 பேர் ஆகிவிட்டதாக வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு 6,000 பவுண்டு. வரவோ அதே 4,882 பவுண்டுதான். அந்தக் குறையை எதைக் கொண்டு நிரப்புவது? தொடக்க ஆண்டுகளில் மிஞ்சியதைச் செலவழிக்காமல் வட்டிக்கு விட்டுச் சேர்த்து வைத்திருந்தால், அந்த முதலின் வட்டி நிரப்பும். செலவழித்திருந்தால், அந்த நாளில் வயது முதிர்ந்த ஒரு பெண் வெறுங்கையோடு நிற்பாள். ஆஷ்டனின் திட்டத்தில் நேர்ந்தது இதுவே.

யோசேப்பு எகிப்தில் செய்த ஆலோசனையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் பெருகிய ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும்படி அவன் சொன்னான். பஞ்சத்தை அறிவித்தது தேவன் கொடுத்த சொப்பனம். களஞ்சியத்தைக் கட்டியது யோசேப்பின் உழைப்பு.

சரிபார்த்தவர்

வாலஸும் வெப்ஸ்டரும் தங்கள் கணக்கைத் தாங்களே சரியென்று முடிவு செய்துகொள்ளவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரிடம் அதைக் கொடுத்தார்கள். நியூட்டனே பரிந்துரை செய்து அந்தப் பதவிக்கு வந்தவர் அவர். ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்ட கணித மேதை. அவர் பெயர் காலின் மெக்லாரின். ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோதே போதகராயிருந்த தந்தையை இழந்த அதே காலின்.

போதகர்களின் விதவைகளும் பிள்ளைகளும் திக்கற்றுப் போகாதிருக்க வகுக்கப்பட்ட கணக்கை, போதகர் வீட்டு அனாதையாக வளர்ந்த ஒருவர் வரி வரியாகச் சரிபார்த்தார். அப்போது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

1743ஆம் ஆண்டில் வாலஸ் திருச்சபைப் பொதுப் பேரவையின் மாடரேட்டராக இருந்தார். திட்டம் பேரவையில் ஏற்கப்பட்டது. பாராளுமன்றச் சட்டத்தின் துணையோடு 1744 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டில் நாட்டில் கலகம் மூண்டது. எடின்பரோ நகரின் காவலுக்காக அலைந்து உழைத்த மெக்லாரின் உடல்நலம் கெட்டு, 1746ஆம் ஆண்டில், 48 வயதில் மரித்தார். மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். அவருடைய தந்தை மரித்த நாளில் அப்படியொரு நிதி இருக்கவில்லை. அவர் மரித்த நாளில் இருந்தது.

ஒரே ஒரு பவுண்டு

1765ஆம் ஆண்டில் நிதியின் முதல் 58,348 பவுண்டாக இருக்கும் என்று அந்தப் போதகர்கள் முன்கூட்டிக் கணக்கிட்டிருந்தார்கள். அந்த ஆண்டு வந்தபோது இருந்த தொகை 58,347 பவுண்டு. வித்தியாசம் ஒரே ஒரு பவுண்டு. வாலஸும் வெப்ஸ்டரும் அதைக் காணும்வரை உயிரோடிருந்தார்கள்.

இந்த முறை பரவியது. 1759ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரஸ்பிட்டேரியன் போதகர்களின் குடும்பங்களுக்காக இதே போன்ற நிதி ஒன்று ஏற்பட்டது. நம் நாட்டில் 1818இல் கல்கத்தாவிலும் 1829இல் சென்னையிலும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. ஆயினும் இந்தியர்களிடம் நெடுங்காலம் கூடுதல் பிரீமியம் வாங்கப்பட்டது. 1870களின் தொடக்கத்தில் பாம்பே மியூச்சுவல் நிறுவனம்தான் இந்தியருக்கும் சாதாரண விகிதத்திலேயே காப்பீடு வழங்கியது. 1956இல் எல்.ஐ.சி. உருவாயிற்று. இன்று உங்கள் அலமாரியில் ஒரு பாலிசிப் பத்திரம் இருக்குமானால், அதன் வேர்களைத் தேடிப்போனால் நாய்மன் என்ற போதகரின் மரணப் பதிவேட்டை வந்தடைவீர்கள்.

நம் வீட்டுக் கணக்கு

பிரியமானவர்களே, இந்த வரலாறு நமக்குக் கற்பிப்பவற்றில் நான்கைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நல்ல மனிதர் என்பது நல்ல கணக்குக்குச் சாட்சி ஆகாது. சபையில் முன்வரிசையில் அமர்கிறவர், குடும்பத்தோடு பழகியவர், ஜெபத்தோடு ஆரம்பிக்கிறவர் என்ற காரணத்தினால் பணத்தை ஒப்படைத்து இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. அதிக வட்டி தருவதாக ஒருவர் சொன்னால், அவர் நல்லவரா என்று மட்டும் விசாரிக்காதீர்கள். அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இன்று சேருகிறவர்களின் பணத்திலிருந்து நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்படுகிறதென்றால், தொடக்கத்தில் அது செழிப்பாகத்தான் தெரியும். வங்கி வைப்புக்கே ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. தனிமனிதரின் வாக்குறுதிக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது, செழிப்பான ஆண்டுகளை முழுவதும் உண்டுவிடாதீர்கள். கணவனும் மனைவியும் சம்பாதித்து, பிள்ளைகள் சிறியவர்களாயிருந்து, பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கும் காலம், ஒரு குடும்பத்துக்கு அந்த நிதியின் தொடக்க ஆண்டுகளைப் போன்றது. கையில் மிஞ்சுவதெல்லாம் உண்மையில் மிச்சமல்ல. அதில் ஒரு பகுதி, இன்னும் வந்து சேராத செலவுக்கு உரியது. கல்லூரிக் கட்டணமும் மருத்துவமனைச் செலவும் ஓய்வு பெற்ற நாட்களும் வழியில் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பகுதியை எடுத்து அண்டை வீட்டாருக்குக் காட்டுவதற்காகத் திருமண மண்டபத்தில் செலவழித்தால், பின்னாளில் கடன்காரன் வாசலுக்கு வருவான்.

மூன்றாவது, பாதுகாப்பையும் சேமிப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘டேர்ம் பாலிசி’ எனப்படும் தூய ஆயுள் காப்பீட்டைப் பற்றிச் சொன்னால், “உயிரோடிருந்தால் கட்டிய பணம் திரும்ப வராதே, அது நஷ்டமல்லவா” என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு மரித்த 27 பேரில் 4 பேருக்கு மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவர்களும் ஆண்டுதோறும் கட்டினார்கள். அவர்கள் கட்டிய பணம் வேறொரு போதகரின் மனைவிக்கு அப்பமாயிற்று. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்று நாம் பேசுவதன் கணக்கு வடிவம் இதுவே. உங்கள் வருமானத்தை நம்பிச் சிறு பிள்ளைகளோ, சம்பாதிக்காத துணையோ, முதிய பெற்றோரோ இருந்தால், நாளை நீங்கள் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். எந்தப் பாலிசி என்பது அதற்குப் பின் வரும் கேள்வி.

நான்காவது, கணக்கை மறைத்து வைக்காதீர்கள். எலிசாவிடம் வந்த பெண்ணுக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது. நம் சகோதரிகளில் பலருக்கு அதுவும் தெரியாது. வங்கிக் கணக்குகள், நகைக் கடன், சீட்டு, கைமாற்று, பாலிசி, பட்டா எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றிலும் நாமினி பெயரைப் பாருங்கள். திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவர்கள், தாய் மரித்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அதை மாற்றாமல் விட்டிருப்பதுண்டு.

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது உங்களில் சிலர், லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானும் கணக்குப் போட்டானே, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தானே, தேவன் அவனை மதியற்றவன் என்று சொல்லவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவனுடைய கணக்கைக் கூர்ந்து பாருங்கள். அதில் அவனைத் தவிர வேறொருவரும் இல்லை. தன் விளைச்சல், தன் களஞ்சியம், தன் ஆத்துமாவின் இளைப்பாறுதல். தன் மரணம் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. வாலஸும் வெப்ஸ்டரும் போட்ட கணக்கோ மரணத்திலிருந்து தொடங்கியது. தாங்கள் இல்லாத நாளில், தங்கள் கண்கள் காணாத ஒரு பெண் எப்படி வாழ்வாள் என்று கேட்டது. இரண்டும் கணக்குதான், யாருக்காகப் போடப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

கணக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரீமியம் கட்ட இயலாத குடும்பங்கள் நம் சபையிலேயே உண்டு. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை விதவைகளின் அன்றாடப் பங்கை விசாரிக்க ஏழு பேரை ஏற்படுத்தியதுபோல, அந்தப் பொறுப்பு சபையாகிய நம்மேல் இன்றும் இருக்கிறது. ஆயினும் கையில் வசதி இருந்தும் கணக்குப் பார்க்காமல், அந்தப் பாரத்தைக் கர்த்தரின் பெயரைச் சொல்லிப் பிறர்மேல் இறக்கிவைப்பது விசுவாசம் ஆகாது.

இந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை அதற்காக ஒதுக்குங்கள். குடும்ப ஜெபம் முடிந்த பின், கணவனும் மனைவியும் ஒரு நோட்டை விரித்து உட்காருங்கள். வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேளுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். முதல் பக்கம் உங்களை வெட்கப்படுத்தக்கூடும், பயப்படுத்தவும் கூடும். எழுதி முடித்துவிட்டு, அந்த நோட்டின்மேல் கை வைத்து ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.